தேர் நின்றால் சக்கரத்தைப் பாருங்கள்!

சென்ற வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. சத்தியாக்கிரகம் செய்தது வேறு யாருமில்லை. காப்பிக் கொட்டை அரைக்கும் மின்சார மிஷின்தான். பொத்தானை அழுத்தினால் 'ம்ம்ம்...' என்று முனகுகிறதே தவிர, சுற்ற மாட்டேன் என்கிறது. சண்டி மாடு நடுரோட்டில் படுத்துக்கொண்ட மாதிரி, இருந்த இடத்தை விட்டு ஒரு நூல் அசையவில்லை.

காலைக் காப்பி இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வில்லியனூரில் எங்கள் தெருவுக்குப் பொழுது விடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் விடியவில்லை. "கடையிலே தூளாவே வாங்கிடலாம்னு சொன்னேன், யார் கேட்டீங்க?" என்றாள் என் மனைவி. "ரிப்பேர்காரனைக் கூப்பிடணும்" என்று பையன் போனைக் கையில் எடுத்தான். "நேத்து சாயங்காலம் நல்லாத்தானே ஓடிச்சு" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு, சொன்னதே தப்போ என்பது போல மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

'கடைசியாக அதைத் தொட்டது யார்?' என்ற கேள்வி இன்னும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனால் சமையலறை வாசற்படியில் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்தக் கேள்வியை எனக்கு அறுபது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். முதன்முதலில் அதைச் சந்தித்தது பாகூரில். அந்தக் கதையைச் சொல்லாமல் மிஷினைத் திறக்க முடியாது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

★ ★ ★

1962-ம் வருஷம். எனக்கு எட்டு வயது. பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலம் கொஞ்சம், தாழ்வாரம் வைத்த ஓட்டு வீடு, அந்த வீட்டுக்கு மகாராணியாக என் ஆயா. எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். பட்டணத்து வாசகர்கள், குழந்தை பார்த்துக்கொள்ள வந்தவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆயா காதில் விழுந்தால் தொலைந்தீர்கள்!

மகாராணி என்றால் செங்கோல் வேண்டுமல்லவா? ஆயாவின் செங்கோல் ஒரு காப்பிப் பெட்டி. தாத்தாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சைகோனுக்குப் போய்த் திரும்பியவர். அவர் கொண்டுவந்து கொடுத்தது. சதுரமான மரப் பெட்டி. தலையில் இரும்புக் கிண்ணம். அதற்கு மேலே கைப்பிடி. கீழே சின்ன இழுப்பறை. மணையில் உட்கார்ந்து, பெட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கிண்ணத்தில் போட்ட கொட்டை, இழுப்பறையில் தூளாக இறங்கும். வீடு முழுக்க வாசனை எழும்.

இந்தப் பெட்டியின் மேல் பிரெஞ்சுக்காரர்களுக்கு அலாதிப் பிரியம். இன்று மோட்டார் காருக்குப் பேர்போன பெஜோ கம்பெனி, முதல் கார் செய்வதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்னாலேயே, 1840-ல், காப்பி அரைக்கும் பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டது. நம் காப்பியில் கலக்கும் சிக்கரியின் கதையிலும் அந்த நாட்டுக்குப் பங்கு உண்டு. 1806-ல் நெப்போலியன், இங்கிலாந்தோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டான். கப்பல் வரத்துக் குறைந்தது. காப்பிக் கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. சிக்கரி வேரை வறுத்துப் பொடித்து, இருக்கிற காப்பியோடு சேர்த்து ஒப்பேற்றினார்கள். நெப்போலியன் போய்விட்டான், சிக்கரி போகவில்லை. அதே மாதிரிதான் எங்கள் ஊரிலும். 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை விட்டுப் போயிற்று. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் போயிற்று. ஆயாவின் காப்பிப் பெட்டி மட்டும் அடுக்களை மாடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்தச் சித்திரையில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம். சித்திக்கு ஊர் வில்லியனூர். அவள் தகப்பனாருக்குத் தேரடிப் பக்கம் சைக்கிள் கடை. பெண் நல்ல பெண்தான். ஆனால் 'நிலம் நீர் இல்லாத வீட்டிலே போய்ச் சம்பந்தம் பண்ணினோமே' என்ற குறை ஆயாவின் மனசில் ஒரு மூலையில் இருந்தது. இருந்தாலும் ஆனி மாதத்தில் காப்பி அரைக்கும் வேலையைச் சித்தியிடம் கொடுத்தாள். அது சாதாரண விஷயமல்ல. ராஜ்யத்தில் பாதியைக் கொடுத்தமாதிரி.

ஆனி முடிந்து ஆடி பிறக்கப் போகிறது. புதுப் பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போகச் சம்பந்தி வரும் நாள். விடிகாலையில் சித்தி பெட்டியை எடுத்து மடியில் வைத்துக் கொட்டையைப் போட்டுக் கைப்பிடியைத் தள்ளினாள். அது அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள். ஊஹூம்!

"விலகு, நான் பாக்கறேன்" என்று சித்தப்பா வந்தார். அவர் கபடி ஆடுகிறவர். முழங்காலால் பெட்டியை நெருக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரு தம் கொடுத்தார். 'கிரீச்' என்று ஒரு சத்தம். மிஷின் சுற்றவில்லை, கைப்பிடி வளைந்தது, பெட்டியின் ஒரு மூலையில் மரம் கீறிக்கொண்டது.

ஆயா வந்து பார்த்தாள். கேள்வி பிறந்தது.

"கடைசியா இதைத் தொட்டது யாரு?"

யாரும் பேசவில்லை. பதிலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே! பதில் தலையைக் குனிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தது.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். வெற்றிலை, பழம், பூ, புடைவை எல்லாவற்றையும் கூடையில் வைத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, சித்தியின் அப்பா அத்தனை தூரம் மிதித்து வந்திருக்கிறார். வந்தவருக்கு 'வாங்க' என்று ஒரு சொல், அடுத்த சொல்லே, "உங்க பொண்ணு வந்த மூணு மாசத்திலே முப்பது வருஷத்துப் பெட்டியை ஒடைச்சிட்டா. ஆடிக்கு அழைச்சுக்கிட்டுப் போயி நல்லா வேலை கத்துக்குடுத்து அனுப்புங்க. அவசரமில்லே."

அந்த 'அவசரமில்லே'தான் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. ஆடிக்குப் போகிற பெண் ஆவணியில் திரும்பி வர வேண்டும். அழைக்க ஆள் வராவிட்டால் ஊர் என்ன பேசும்? சித்தியின் கண் நிறைந்துவிட்டது. ஒரு சொட்டு, பெட்டியின் மேல் விழுந்தது.

இங்கே வாசகர்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் ஒருவனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். முதல் நாள் மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது அவனுக்குப் பொட்டுக்கடலை மாவு தின்ன ஆசை வந்தது. உரலில் இடித்தால் சத்தம் கேட்கும். ஆகவே இரண்டு பிடி பொட்டுக்கடலையையும் ஒரு கட்டி வெல்லத்தையும் காப்பிப் பெட்டியில் போட்டுச் சுற்றினான். கடலை அரைந்தது. வெல்லம் போகப்போகக் கைப்பிடி கனத்தது. அப்புறம் நின்றே போயிற்று. இழுப்பறையில் விழுந்த மாவை வாயில் போட்டுக்கொண்டு, பெட்டியை மாடத்தில் வைத்துவிட்டு, ஏரிக்கரைக்கு ஓடிவிட்டான். இராத்திரி முழுக்க அந்த வெல்லமும் மாவும் இரும்புப் பல்லுக்கு நடுவில் கட்டியாக இறுகிக்கொண்டிருந்தன.

அந்தப் பையன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

★ ★ ★

சித்தியின் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆயாவைப் பார்த்துச் சொன்னார்:

"சம்பந்தியம்மா, எங்க ஊர்லே வருஷா வருஷம் தேர் ஓடுது. நடுத்தெருவிலே தேர் நின்னுட்டா, வடத்தை இன்னும் கொஞ்சம் இழுன்னுதான் கூட்டம் கத்தும். அப்படி இழுத்தா வடம் அறும். இல்லேன்னா அச்சு முறியும். விவரம் தெரிஞ்சவன் வடத்தைக் கீழே போடச் சொல்லிட்டுக் குனிஞ்சு சக்கரத்தைப் பாப்பான். அங்கே ஒரு கல்லு கிடக்கும். அவ்வளவுதான்."

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் என்றால் லேசல்ல. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. அந்தத் தேரைச் சொன்னதும் ஆயாவுக்குக் கூட வாய் அடங்கிற்று.

அவர் பெட்டியைத் தொடவில்லை. "நீயே பாரும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். சைக்கிள் கடையில் நட்டும் போல்ட்டும் வைத்து விளையாடி வளர்ந்த பெண் அல்லவா? சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் கைப்பிடியை முன்னால் தள்ளாமல், பின்பக்கமாகத் திருப்பினாள். ஒரு விரற்கடை அசைந்தது. மேலே இருந்த கொட்டையை எல்லாம் முறத்தில் கவிழ்த்தாள். உச்சியிலிருந்த நட்டைக் கழற்றினாள், கைப்பிடி வந்தது. அதற்குக் கீழே, தூளை நைசாகவும் கொரகொரப்பாகவும் ஆக்குகிற திருகு. அதை எத்தனை சுற்றுக் கழற்றுகிறோம் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழற்றினாள். திரும்பப் பூட்டும்போது அதே கணக்கு வேண்டுமே! கழற்றிய சாமான்களை, கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின் மேல் வைத்தாள். கடைசியில் பல் வெட்டிய இரும்புக் கூம்பு கையோடு வந்தது. பல்லுக்குப் பல் நடுவே, கறுப்பாக, சிமிட்டி பூசின மாதிரி ஏதோ அடைத்துக் கிடந்தது.

சித்தி அதை முகர்ந்து பார்த்தாள். இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். மூலையில் வரிசையாக எறும்பு. தலையை நிமிர்த்தினாள். நேராகத் தூணைப் பார்த்தாள்.

பிறகு, "அத்தை, ஒரு டம்ளர் வெந்நீர் வேணும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் எனக்குப் பெரியவனான பிறகுதான் விளங்கிற்று. காப்பித் தூள் அடைத்திருந்தால் தண்ணீரே காட்டக் கூடாது. இரும்பு துருப்பிடிக்கும், தூளும் சேறாகிப் பல்லோடு அப்பிக்கொள்ளும். காய்ந்த பிரஷ்தான் அதற்கு வைத்தியம். வெந்நீர் தேவைப்படுவது இனிப்புச் சரக்கு இறுகியிருந்தால் மட்டுமே. சித்திக்குத் தெரிந்துவிட்டது.

துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பல் பல்லாகத் துடைத்தாள். விளக்குமாற்று ஈர்க்குச்சியால் இடுக்கை நோண்டினாள். உடனே உலர்ந்த துணியால் துடைத்து, அடுப்பு ஓரத்திலும் அப்புறம் வெயிலிலும் வைத்து, ஈரம் சுத்தமாகப் போன பிறகு பூட்டினாள். முதல் பிடிக் கொட்டையை அரைத்து, அந்தத் தூளைக் கொட்டிவிட்டாள். இரண்டாவது பிடியில்தான் காப்பி. கீறல் விழுந்த பெட்டி பழையபடி 'கரகர'வென்று பாடிற்று.

"என்னதான் அடைச்சிருந்தது?" என்று கேட்டாள் ஆயா.

"ஈரக் காத்து, அத்தை. தூள் இறுகிப் போச்சு. நான்தான் கவனிக்கலே."

"அதானே பாத்தேன்!" என்றாள் ஆயா.

சித்தி ஆடிக்குப் போனாள். ஆவணி பிறந்தது. பத்து நாள் ஆயிற்று. ஆயா ஆள் அனுப்பவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு இராத்திரியும், விடிந்ததும் ஆயாவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்வேன். விடிந்ததும் ஆயாவின் முகத்தைப் பார்ப்பேன். தீர்மானம் ஏரிக்கரைக்கு ஓடிவிடும். கடைசியில் சித்தப்பாவே யாரையும் கேட்காமல் வில்லியனூருக்குப் போய்ச் சித்தியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பால் பொங்கினாலும் சரி, ரசத்தில் உப்புக் கூடினாலும் சரி, "பெட்டியை அடைச்சவதானே!" என்ற பட்டம் சித்திக்கு நிலைத்துவிட்டது.

1975-ல் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தில் நல்ல பீபரிக் கொட்டையாக ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய்ச் சித்தியிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். சித்தி சிரித்தாள்.

"தெரியும்டா. எறும்பு அன்னிக்கே சொல்லிடிச்சு."

"அப்புறம் ஏன் சித்தி சொல்லலே?"

"எட்டு வயசுப் புள்ளே. உங்க ஆயா கையிலே கரண்டிக் காம்பு இருந்தது. என்னை வாயாலேதானே திட்டுவாங்க?"

கொஞ்ச நேரம் கொட்டையைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆனா ஒண்ணுடா. அத்தை போறதுக்கு முன்னாலே நீ சொல்லியிருந்தா, எனக்கு நல்லா இருந்திருக்கும்."

ஆயா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

★ ★ ★

இனிச் சென்ற வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

"யாரும் பொத்தானைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நான் முதலில் செய்தது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியதுதான். சுவிட்சை அணைத்தால் போதாதோ என்று கேட்கலாம். போதாது. உள்ளே விரலை விடப் போகிறோம். எவனாவது தெரியாமல் சுவிட்சைத் தட்டினால் விரல் போய்விடும். தவிர, முனகுகிற மோட்டாரை ஒரு நிமிஷம் கூட அப்படியே விடக் கூடாது. உள்ளே மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. சுற்ற முடியாததால் அத்தனையும் சூடாக மாறுகிறது. 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று நாலு தடவை பார்த்தால் கம்பிச் சுருள் கருகி, பத்து நிமிஷ வேலை புது மிஷின் வாங்குகிற வேலையாகிவிடும். சித்தப்பாவின் கபடித் தம்முக்கு இதுதான் மின்சார அவதாரம். மிக்ஸி வைத்திருப்பவர்களும் கவனிக்க: சுமை தாங்காமல் நின்றுபோன மிக்ஸிக்குப் பெரும்பாலும் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பிளக்கை எடுத்து, ஜாரைக் காலி செய்து, நன்றாக ஆறவிட்டு, அதை அழுத்தினால் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம் சித்தியின் வழிதான். கொட்டையை எல்லாம் கவிழ்த்துக் காலி செய்வது. நைசு வைக்கும் வளையத்தைக் கொரகொரப்புப் பக்கமாகத் தளர்த்துவது. மேல் பல்லைக் கழற்றுவது. பழைய பல் துலக்கும் பிரஷாலும் ஈர்க்குச்சியாலும் சுத்தம் செய்வது. கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் பல்லில் வைத்து நெம்பக் கூடாது. ஒரு பல் மழுங்கினால் அதற்கப்புறம் தூள் ஒரே சீராக விழாது. தண்ணீர் மோட்டார் பக்கம் போகவே கூடாது.

அடைப்பு எதனால் வருகிறது? பெரும்பாலும் நம் கையால்தான். கொட்டையோடு வரும் கல். சரியாக வறுபடாமல் கல்லாகவே இருக்கும் கொட்டை. கறுக்க வறுத்து எண்ணெய் மினுங்கும் கொட்டை விட்டுப்போகிற பிசுக்கு. ஆறுவதற்குள் அவசரப்பட்டு அரைப்பது. காப்பியோடு சேர்த்துச் சிக்கரியையும் மிஷினில் போடுவது. சிக்கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் குணமுள்ளது. அதைத் தூளாகவே வாங்கி அப்புறம் கலப்பதுதான் நல்லது. நைசைக் கூட்டுவதானால் மிஷின் ஓடும்போது கூட்டுங்கள். நின்றிருக்கும்போது இறுக்கினால் பல்லுக்கு நடுவே இருக்கும் துண்டுகள் நசுங்கி ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

இப்படி உபதேசம் செய்துகொண்டே மேல் பல்லைக் கழற்றினேன். உள்ளே பளபளவென்று என்னவோ மின்னிற்று. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கல்கண்டு!

நிமிர்ந்தேன். சமையலறையில் என் மனைவி மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஆறு வயதுக் கால் இரண்டு தெரிந்தன.

ஒரு நிமிஷம் எனக்குச் சித்தியின் வழியே போய்விடலாமா என்று தோன்றிற்று. 'ஈரக் காற்று' என்று சொல்லிவிட்டால் குழந்தை தப்பித்துக்கொள்வான். ஆனால் பழி எங்கே போய் இறங்கும் என்பதுதான் எனக்குத் தெரியுமே! தப்பித்துக்கொண்ட குழந்தைக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"டேய், இங்கே வா. இந்த வேலைக்குச் சின்ன விரல் வேணும்" என்று பேரனைக் கூப்பிட்டு, பிரஷை அவன் கையில் கொடுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டேன். "அடிக்கப் போறதில்லே. சுத்தம் பண்ணப் போறோம். ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டா அம்மா" என்றேன்.

அவன் இரண்டு பல்லைத் தேய்த்தான். மூன்றாவது பல்லில் பிரஷ் நின்றது.

"தாத்தா, நான்தான் கல்கண்டு போட்டேன். அம்மா இல்லே."

இதை அவன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். என் மனைவி மருமகளிடமிருந்து கண்ணை எடுத்தாள். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "நீ போய்ப் பல்லு விளக்கிட்டு வாம்மா. டிகாக்ஷனை நான் போடறேன்" என்றாள்.

காப்பி வர ஏழேகால் மணியாகிவிட்டது. ஆனால் அப்படிப்பட்ட காப்பியை நான் அண்மையில் குடித்ததில்லை. கடைசியில் டம்ளரின் அடியில் லேசாக ஓர் இனிப்புத் தட்டிற்று. கல்கண்டு கொஞ்சம் பாக்கி இருந்ததோ என்னவோ.

உங்கள் வீட்டு மிஷினும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அன்றைக்கு வடத்தை இழுக்காதீர்கள். 'தொட்டது யார்?' என்று கேட்பதற்கு முன்னால், குனிந்து சக்கரத்தைப் பாருங்கள்.